ஸ்டுடியோ நாற்காலி வழக்கு

கல்யாணம் ஆன புதிதில் எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அவரோடு சேர்ந்து ஒரு போட்டோ. நகை கேட்டேனா, பட்டு கேட்டேனா, இல்லையே. திருப்பூரில் அப்போது கம்பெனி வேலைக்குப் போகிற புது ஜோடிகள் ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டுவது வழக்கமாகியிருந்தது. எல்லாப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாப்பிள்ளை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பெண் பக்கத்தில் நின்று, அவர் தோளைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நாற்காலியின் முதுகில் கை வைத்திருப்பாள். நானும் அப்படி நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது போட்டோ, வந்தது வழக்கு.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அவர் ஒரு பனியன் கம்பெனியில் மிஷின் டைலர். நான் அதே கம்பெனியில் பிசிர் வெட்டி மடிக்கிற வேலை பார்த்தேன். எங்கள் சனம் குடியிருந்த தெருவை வளவு என்பார்கள். ஊருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. குடிசை எங்களுடையது, குடிசை நின்ற மண் தோட்டத்துக்காரருடையது. அவரை நாங்கள் பண்ணாடி என்று கூப்பிடுவோம். என் மாமியார் அந்தத் தோட்டத்தில்தான் கூலிக்குப் போனார். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

ஸ்டுடியோவுக்கு எங்களைக் கூட்டிப் போனது, கம்பெனியில் அவருக்குப் பக்கத்து மிஷினில் தைத்த சிநேகிதர். எங்கள் சாதி இல்லை. போன வாரம்தான் தன் மனைவியோடு போய் அங்கே படம் எடுத்திருந்தார். "படம் என்னமா வந்திருக்குது தெரியுமா? தேக்கு நாற்காலி, ராசா மாதிரி உக்காரலாம்" என்று அவர்தான் ஆசை காட்டினார்.

ஸ்டுடியோக்காரர் வாய் நிறையச் சிரித்து வரவேற்றார். "வாங்க, வாங்க. அம்மிணி அந்தக் கண்ணாடியில பாத்துப் பவுடர் போட்டுக்குங்க. ஐயா நாற்காலியில உக்காருங்க" என்றார். ஒரு கவரை எடுத்து, விலாசம் எழுதப் பேனாவைத் திறந்தார். "ஊடு எந்தப் பக்கமுங்க?"

இவர் மறைக்கிற ஆள் இல்லை. "கெழக்கால வளவுங்க" என்றார்.

பேனா கொஞ்சம் நின்றது. அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர் முகம் சுளிக்கவில்லை, குரலும் உயரவில்லை, ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. பிடித்துத் தள்ளுவதானாலும் தள்ளிக்குங்க என்று சொல்லிவிட்டுத்தான் தள்ளுவார்கள்.

"நாற்காலி வேண்டாமுங்க" என்றார். "கால் ஆடுதுங்க. நின்னுக்கிட்டே எடுத்துக்கலாமுங்க. அதுதான் இன்னும் அழகா இருக்குமுங்க."

இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "ஆடலீங்களே."

"உக்காந்தா ஆடுமுங்க."

"உக்காந்து பாக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நாளைக்கு வேற ஆளுக அதுல உக்காரோணுமில்லீங்க."

எனக்கு முகத்தில் போட்ட பவுடர் எரிந்தது. அந்த அறையில் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாது போலிருந்தது. நின்றபடி எடுத்துக்கொண்டு போய்விடலாம், தலையெழுத்து என்று இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சிநேகிதர் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். இவர் மட்டும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். வீட்டுப் பக்கம் போகவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு.

தலை நிறையப் பூவோடு நான் பின்னால் ஓடினேன். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நாற்காலிக்கெல்லாம் கேஸா, போய்ப் பொழைப்பைப் பாருய்யா என்றார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "கடையில, ஓட்டல்ல, சலூன்ல, எங்கயும் சாதி பாத்து ஒதுக்கினா குத்தம்னு சட்டம் இருக்குதுங்க. சங்கத்துக் கூட்டத்துல வாசிச்சுக் காட்டினாங்க. எழுதிக்குங்க" என்றார். அவர்கள் எழுதவில்லை. இவர் நகரவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நின்றார். கடைசியில் இந்த ஆளை அனுப்பினால் போதும் என்று எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸ்டுடியோக்காரர் மேல் இல்லை, இவர் மேல். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். "ஏனுங்க, உங்களுக்கு உக்கார ஒரு நாற்காலிதான் கொறைச்சலா? வயித்துக்குச் சோறு இருக்குது, தலைக்கு மேல கூரை இருக்குது. அதைக் கெடுத்துக்காதீங்க" என்றேன். அவர் சிரித்தார். "புள்ள, அவரு 'உக்காருங்க'ன்னு சொன்னாரா இல்லையா? எங்க ஊடுன்னு கேக்கறதுக்கு முன்னாடி சொன்னாரில்ல? அந்த ஒரு வார்த்தையை அவரு திருப்பி எடுத்துக்க முடியாது புள்ள" என்றார். இந்த மனுஷனிடம் என்ன பேசுவது.

கூரையைப் பற்றி நான் வாய் வைத்தது பலித்துவிட்டது. பண்ணாடி அத்தையைக் களத்துமேட்டில் நிறுத்திச் சொல்லியனுப்பினார். கேஸ் போட்டது உம்பையன் இஷ்டம். ஆனால் தோற்றுவிட்டு வந்தால் அன்றைக்கே குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நாலு பேரைக் கோர்ட்டுக்கு இழுத்துத் தோற்றவனை என் மண்ணில் வைத்திருந்தால் ஊர் என்னைக் கேட்கும். இவ்வளவுதான் சேதி. அத்தை வந்து அதைச் சொன்னபோது அழவில்லை. அடுப்பு மூட்ட உட்கார்ந்தவர் மூட்டாமலே உட்கார்ந்திருந்தார்.

ஆக, விஷயம் நாற்காலியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. தோற்றால் தெருவில் நிற்க வேண்டும். ஜெயிக்க எங்களிடம் என்ன இருந்தது? நான் பார்த்ததைச் சொன்னால் பெண்டாட்டி பேச்சு என்று தள்ளிவிடுவார்கள்; வெளிச்சாட்சி என்று இருந்தது அந்தச் சிநேகிதர் ஒருவர்தான். அவரும் ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பொண்டாட்டி புள்ளைக இருக்குதுங்க. எங்க ஆளுக என்னைச் சேத்துக்க மாட்டாங்க. நான் வரலீங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். இவர், "சரி போங்க, நூல் அறுந்து தொங்குது, அதைப் பாருங்க" என்றார். எனக்கோ, அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல நாக்கு துடித்தது.

விசாரணைக்கு முன்னால் ஸ்டுடியோக்காரரே கம்பெனி வாசலுக்கு வந்தார். கையில் பழப்பையோடு வந்தார். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அவரும் தூங்கியிருக்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"நடந்தது நடந்துபோச்சுங்க. நீங்க கேஸை வாபஸ் வாங்கிக்குங்க. சாயங்காலம் கடையைச் சாத்தினதுக்கு அப்புறம் பின்கதவு வழியா வாங்க. அதே நாற்காலியில உக்கார வெச்சு, பெரிய படமா எடுத்துத் தர்றனுங்க. காசு வேண்டாமுங்க."

"பகல்ல எடுங்க" என்றார் இவர். "முன்கதவு தொறந்திருக்கோணும். படத்தை மத்த படங்களோட கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில வையுங்க. இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன்."

ஸ்டுடியோக்காரர் தரையைப் பார்த்தார். "அப்படிப் பண்ணினா முகூர்த்த மாசத்துல ஒரு ஆளும் என் கடைப்படி ஏறமாட்டாங்க சாமி. எனக்கும் கொழந்தைக இருக்குது" என்றார். சாமி என்றார். எங்களைப் பார்த்து. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழப்பையை எடுத்துக்கொண்டு அவர் போன பிறகு, ஒத்துக்கொண்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றத்தான் தோன்றியது. பின்கதவோ முன்கதவோ, குடிசை மிஞ்சியிருக்குமே.

நீதிமன்றத்துக்குள் நான் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. உயரமான கூரை, மேலே சுற்றுகிற விசிறி, கறுப்பு அங்கி போட்டவர்கள். எந்த மூலையில் நிற்க வேண்டும், எங்கே செருப்பை விட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அத்தை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். நீதிபதி வயதில் சின்னவராக இருந்தார். மெதுவாகப் பேசினார். நான் கம்பெனி முதலாளிகளைப் பார்த்தவள், பண்ணாடியைப் பார்த்தவள். அதிகாரம் என்றால் சத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் ஸ்டுடியோக்காரரைக் கேட்டார்கள். இப்படி ஒரு ஜோடி வந்ததா, நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று சொன்னீர்களா என்று. அவர் அந்த இடத்தில் 'அப்படி ஆருமே வரலீங்க' என்று ஒரே பொய்யில் தப்பித்திருக்கலாம். எங்களுக்குத்தான் சாட்சி இல்லையே. ஆனால் வாசல் தேடி வந்தவர்களை வரவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வந்தாங்க, நெசந்தானுங்க. உக்கார வேண்டாம்னு சொன்னதும் நெசந்தானுங்க. ஆனா சாதிக்காக இல்லீங்க. கால் ஆடுச்சுங்க" என்றார்.

பிறகு இவர் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். சிநேகிதர் பெயரை வாசலில் நின்று கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. ஸ்டுடியோக்காரரின் வக்கீல் எழுந்தார். பெரிய வக்கீல், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்.

"நாற்காலி பழுதுன்னு என் கட்சிக்காரர் சொல்றார். இல்ல, சாதிதான் காரணம்னு நீ சொல்றே. அதை நிரூபிக்க உன்கிட்ட என்ன இருக்கு? அவர் மனசுக்குள்ள என்ன இருந்துதுன்னு நீ பாத்தியா?"

இவர் என்னத்தைச் சொல்வார்? காய்ச்சலைத் தொட்டுக் காட்டலாம், காயத்தைத் திறந்து காட்டலாம். பேனா ஒரு நொடி நின்றதை எப்படிக் காட்டுவது? முடிந்தது என்று நினைத்தேன். மனசுக்குள் குடிசையின் கீற்றை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்துவிட்டேன்.

நீதிபதி அப்போதுதான் நிமிர்ந்தார். "அவர் நிரூபிக்க வேண்டியதில்லை" என்றார்.

வக்கீல் என்னவோ இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி ஒரு புத்தகத்தைப் புரட்டி இங்கிலீஷில் கொஞ்சம் வாசித்தார். பிறகு எங்கள் பக்கம் பார்த்துத் தமிழில் சொன்னார். எங்களுக்காகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"இந்தச் சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. ஒதுக்கப்பட்டவர் ஷெட்யூல்டு சாதியைச் சேர்ந்தவரா இருந்தா, தீண்டாமையினாலதான் ஒதுக்கினாங்கன்னு கோர்ட் எடுத்துக்கணும். இல்லை, வேற காரணம்னா அதைக் காட்ட வேண்டியது ஒதுக்கினவர். நாற்காலி ஆடினதுன்னு நீங்க காட்டுங்க." அதன் பிறகு இவரைப் பார்த்து, "நீங்க இறங்கி வந்து உக்காருங்க" என்றார்.

அதுவரைக்கும் உலகம் எப்படியிருந்தது என்றால், கிணற்றில் தண்ணீர் கெட்டால் நாங்கள் தொடவில்லை என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். ஆடு காணாமல் போனால் நாங்கள் திருடவில்லை என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். தேர் வரும் தெருவில் நின்றால் வழிதவறி வந்துவிட்டோம் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து நிரூபித்து நிரூபித்தே தொண்டை வறண்ட சனம் நாங்கள். அந்தப் பெரிய கூரைக்குக் கீழே, அங்கி போட்ட வக்கீல் நிற்க, நல்ல சட்டை போட்ட கடைக்காரர் நிற்க, ஒரு புத்தகம் அவர்களைப் பார்த்து, நீங்கள் நிரூபியுங்கள் என்கிறது. இவரைப் பார்த்து உட்காருங்கள் என்கிறது. மலையே புரண்டு மறுபக்கம் படுத்த மாதிரி இருந்தது எனக்கு. இவர் பெஞ்சியில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஓரத்தில் ஒண்டினார். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தவர் எழுந்து போகவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு நாற்காலியையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கைவண்டியில் கட்டி வந்து இறக்கினார்கள். ஸ்டுடியோக்காரர் நினைத்திருந்தால் ஒரு காலைத் தட்டி ஆட்டம் கொடுக்க வைத்துக் கொண்டுவந்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட பொருளை உடைக்க அவருக்கு மனசு வரவில்லை போலும். அதற்குப் பதிலாக ஓர் ஆசாரியைச் சாட்சிக்குக் கூட்டி வந்தார். அன்றைக்குக் கால் ஆடியது, மறுநாள் நான்தான் வந்து சரிசெய்தேன் என்று அந்த ஆசாரி சொன்னால் போதும். கேஸ் முடிந்துவிடும்.

ஸ்டுடியோக்காரர் செய்த தப்பு, அந்த நாற்காலியைச் செய்த ஆசாரியையே கூட்டி வந்ததுதான்.

ஆசாரி கூண்டில் ஏறினார். வக்கீல் தேனாகக் கேட்டார். "இந்த நாற்காலியைப் பாருங்க. அன்னைக்கு இதோட கால் ஆடிக்கிட்டு இருந்துது, இல்லீங்களா?"

ஆசாரி நாற்காலியைப் பார்த்தார். அதன் கைப்பிடியையும் கால்களையும் பார்த்தார். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். இத்தனை பேர் முன்னால், அதிகாரிகள் முன்னால், தன் கைவேலையை ஆடுகிற நாற்காலி என்று சொல்ல வேண்டும். அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன்.

"ஆருங்க சொன்னது?" என்றார்.

வக்கீல் இருமினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்கதான சரிபண்ணினது?"

"என்னத்தைங்க சரிபண்றது? இது நான் செஞ்ச நாற்காலிங்க. நல்ல தேக்கு. என் கையில செஞ்ச சாமான் இந்த ஊர்ல ஒண்ணு ஆடுதுன்னு காட்டுங்க, தொழிலையே உட்டர்றேன்." கூண்டைவிட்டு இறங்கி வந்து நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். "பாருங்க, இந்தப் பொருத்தத்தைப் பாருங்க. இது எதுக்குங்க ஆடுது?"

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதியும் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் மட்டும் தலையைக் குனிந்து, "ஆமாங்க, ஆடலீங்க" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். பாரம் இறங்கியவர் மாதிரி இருந்தார். அவருக்கு அபராதம் விதித்தார்கள். கட்டிவிட்டு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். இவரும் கும்பிட்டார். எங்கள் பக்கத்து மரியாதை அங்கேயும் குறையவில்லை.

போட்டோ எடுத்தோமா என்றுதானே கேட்கிறீர்கள்? எடுக்கவில்லை. அந்த ஆசையே எனக்கு மறந்துபோயிருந்தது. பண்ணாடியிடமிருந்து குடிசையைப் பிரிக்கச் சொல்லி ஆளும் வரவில்லை. ஜெயித்து வந்தவனை விரட்டினால் அதுவும் கோர்ட்டுக்குப் போகும் என்று யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே மரத்தடியில் நின்றதால் அத்தைக்கு உள்ளே நடந்தது தெரியாது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, இவர் சொன்னார். ஆசாரி கதைக்கு அத்தை சிரிக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்ததைத்தான் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார்.

"அப்படீன்னா, நீ சொன்னதை அவங்க நம்பினாங்களா?"

"முன்னாடியே நம்பிட்டாங்கம்மா" என்றார் இவர். "அந்தச் சட்டம் எழுதறப்ப நான் ஆடு மேச்சுக்கிட்டு இருந்திருப்பேன். எழுதினவங்க என்னைப் பாத்ததில்லை. என்னை மாதிரி ஒருத்தன் சாட்சி இல்லாம வந்து நிப்பான்னு நெனச்சு, அவன் சொல்றதை நம்புங்கன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க."

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொன்னாலும் நம்புவாங்களா கண்ணு?"

"நம்புவாங்கம்மா."

"உங்கொப்பன் செத்தப்ப நீ சின்னப் பையன். பாடையை முள்ளுக்காட்டு வழியாத் தூக்கிட்டுப் போனாங்க. ஏம்மா ரோட்டுல போகலைன்னு நீ கேட்டே. மழைத்தண்ணி நிக்குதுன்னு சொன்னேன்." அத்தை இவர் முகத்தை நேராகப் பார்த்தார். "ரோட்டுல தண்ணியே இல்லை கண்ணு. நம்மளை அந்த வழியாப் போக உடலை."

இவர் எழுந்து போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகு அத்தை பேசிக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.